இருப்புப்பாதை விலகிச் சென்ற ஊர்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆண்டு விழாவில் ஒருவரையொருவர் காணுங்கால், "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே நம் முதற் கேள்வி. அக்கேள்விக்கு வேறொரு கண்டத்து மக்கள் தம் வாழ்வால் அளித்துவரும் விடையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே மேட்டுச் சமவெளி பரந்து கிடக்கின்றது. மரம் அரிது, மழையும் அரிது, காற்றுக்கு மட்டும் குறைவில்லை. அங்கே, கான்சாஸ் மாநிலத்தில், தென் சாலமன் ஆற்றையடுத்து அமைந்த சிற்றூர் நிக்கோடமஸ். தமிழ் விவிலியத்தில் நிக்கொதேமு என வருவதும் இப்பெயரே. 1877-ஆம் ஆண்டில் இவ்வூரை அமைத்துக் குடியேறியோருள் பெரும்பாலோர் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த கறுப்பின மக்கள். 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் உழுதவனுக்கு நிலம் வந்துவிடவில்லை. மேற்கே சென்று குடியேறி உழுவோர்க்கு 160 ஏக்கர் வரை வழங்க 1862-இல் இயற்றிய சட்டம் இருந்தது. அவ்வாறாக, புதிய ஊரின் பெருமை கூறும் விளம்பரத் தாள்கள் கென்டக்கியில் பரவின. நிலத் தரகர் சொல் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

அவ்வாண்டு செப்டம்பரில் 300-க்கும் மேற்பட்டோர் எல்லிஸ் என்னும் நிலையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து சுமார் 35 மைல் கடந்து ஊரை அடைந்தனர். அடுத்த ஆண்டு வந்தவருள் வில்லியானா ஹிக்மன் என்னும் அம்மையார் ஒருவர். அதோ நிக்கோடமஸ் என்று உடன் வந்தோர் ஆர்ப்பரித்தபோது, அவர் கண்ணுக்கு ஊரே தென்படவில்லையாம். கணவர் சுட்டிக் காட்டினார். தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மரமில்லா நிலத்தில் மண்ணைக் குடைந்தே மக்கள் வாழ்ந்தனர். அதைக் கண்டு தாம் அழுததாக அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். சிலர் மறுநாளே திரும்பிவிட்டனர். முதற் குளிர்காலத்தில் எஞ்சியோர் பட்டினியால் மடியாமல் காத்தவருள், வேட்டை முடித்து அவ்வழியே சென்ற ஒசேஜ் பழங்குடியினரும் உண்டு. சொந்த நிலத்தை இழந்து வந்த அம்மக்கள், நிலம் தேடி வந்தோர்க்கு உணவளித்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஊர் நிமிர்ந்தது. தேவாலயங்கள், பள்ளி, விடுதி, கடைகள், இரு செய்தித்தாள்கள் என வளர்ந்தது. இவ்வூரினரான எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்வு பெற்றார். குறையாய் நின்றது இருப்புப்பாதை ஒன்றே. அதனை வரவழைக்க 1887-இல் 16,000 டாலர் கடன் பத்திரத்திற்கு ஊரார் வாக்களித்தனர். எனினும் 1888-இல் மிசௌரி பசிபிக் நிறுவனம் வரவில்லை. யூனியன் பசிபிக் பாதையோ ஆற்றுக்குத் தென்புறமே சென்றது. வணிகர்கள் ஆற்றைக் கடந்து, பாதையோரத்து முகாமுக்குத் தம் கடைகளை மாற்றினர். அம்முகாமே போக் என்னும் ஊராயிற்று. சில கல் தொலைவில் ஓடிய அத்தண்டவாளம் ஊரின் விதியை மாற்றிவிட்டது. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் எஞ்சியோரையும் விரட்டின. 1950-இல் ஊரில் 16 பேர். 1953-இல் அஞ்சலகம் மூடியது. 1960-இல் பள்ளியும் மூடியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 14.

ஆயினும் 1996-இல் அமெரிக்க அரசு இதனைத் தேசிய வரலாற்றிடமாக அறிவித்தது. கட்டடங்களுக்காக மட்டும் அன்று. இவ்வூரார் தொடக்கத்தில் ஆகஸ்ட் 1-ஆம் நாளை விழாவாகக் கொண்டாடினர்; பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த 1834-ஆம் ஆண்டு நாள் அது. (அவ்வொழிப்பினால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் குறையவே, நம் தமிழரைக் கப்பலேற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர் என்பது வேறு கதை.) இன்று அவ்விழா ஜூலை இறுதியில் நடைபெறுகிறது. பல மாநிலங்களில் பிறந்து வளர்ந்த வழித்தோன்றல்கள், இவ்வூரில் ஒரு நாளும் குடியிருந்திராதோரும், அந்நாட்களில் இங்கே திரள்கின்றனர். 1939-இல் கட்டிய ஊர்மன்றத்தில் கூடுகின்றனர். ஆளில்லாத் தெருக்களில் ஊர்வலம் செல்கின்றது. எந்த ஊர் என்று வினவினால், அவர்கள் நிக்கோடமஸ் என்றே விடையிறுக்கின்றனர்.