கடலுக்குக் கதவு இல்லை

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்துபோகிறவர்கள் உண்டு. கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, 'சாமி பாத்தாச்சு' என்று ஊர் திரும்புகிறார்கள். இந்தப் 'பாத்தாச்சு' எல்லாருக்கும் எப்போதும் வாய்த்ததல்ல. கடலுக்குக் கதவு போட முடியாது. கோயிலுக்குப் போட முடியும், போட்டார்கள்.

திருச்செந்தூர் போனால் நமக்குச் சொல்லப்படுவது டச்சுக்காரன் கதை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டார்கள். தூக்கிப்போன சிலையைக் கடலில் போட்டார்கள். 1653இல் வடமலையப்ப பிள்ளை மீட்டு வந்தார் என்பது கோயில் மரபு. அந்நியன் சாமியைத் தூக்கிப்போனது இப்படி நினைவில் நிறுத்தப்படுகிறது. உள்ளூர்க்காரனை வாசலோடு நிறுத்தியதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதைத் தேட நீதிமன்றக் கட்டுகளுக்குத்தான் போக வேண்டும். 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கேயும் நாடார்கள் தோற்றார்கள். நம்மூர் தீட்டு, வெள்ளைக்காரன் கோர்ட்டில் 'வழக்கம்' என்ற பெயரில் சட்டபூர்வ உரிமையாகிவிட்டது. கையில் காசும் சங்கமும் இருந்த நாடார்களுக்கே இந்த நிலை. பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

இந்தப் பின்னணியில் சங்கரன்கோவில் தலபுராணத்தை மறுவாசிப்புச் செய்யலாம். நந்தவனக் காவல்காரன் காப்பறையன் புற்றை வெட்டுகிறான். பாம்பின் வால் அறுபடுகிறது, பக்கத்தில் லிங்கம் தெரிகிறது. சேதி உக்கிரபாண்டியனுக்குப் போக, கோயில் எழும்புகிறது. சாமியைக் கண்டெடுத்தவன் ஒரு பறையன் என்பதைப் புராணத்தால் மறைக்க முடியவில்லை. ஆகவே வேறொரு வேலை செய்கிறது: அவன் உண்மையில் மணிக்கிரீவன் என்ற தேவன், பார்வதி சாபத்தால் பறையனாகப் பிறந்தவன் என்கிறது. பறையனாகவே இருந்து அவன் சாமியைக் கண்டான் என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. புற்றுமண் இங்கே பிரசாதம். எல்லாச் சாதியும் நெற்றியில் இட்டுக்கொள்கிறது. வெட்டியவன் சாதிக்கோ சாபம் என்று பெயர்.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் முன்னின்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைவு நடந்தது. அதே ஆண்டு ஒரு சட்டமும், 1947இல் விரிவான ஆலய நுழைவுச் சட்டமும் வந்தன. பெருங்கோயில் வாசல் சட்டப்படி திறந்தாயிற்று. ஊர்க்கோயில் வாசலில் தகராறு தீரவில்லை. தலித்துகள் உள்ளே வருவதை மற்றவர்கள் எதிர்த்த பிரச்சினையில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைத்தார்கள்.

பக்தியா பகுத்தறிவா என்ற பழைய விவாதத்துக்குள் மட்டும் இது அடங்காது. சாமி கும்பிடாதவருக்கும் வாசலின் வரலாற்றில் வேலை இருக்கிறது. அடுத்த முறை சங்கரன்கோவில் போகிறவர்கள், காப்பறையனைத் தேவனாக்காமல் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கட்டும்.