மோடம் காலமும் புதுச்சேரிக் கடலோரமும்

தனியாள் கணினியை மோடம் கொண்டு தொலைபேசிக் கம்பியில் இணைத்து, தொலைவிலுள்ள கணினியுடன் தொடர்புகொள்ளச் செய்வது தொலைத்தொடர்பு மென்பொருள் ஆகும். இவ்வகை மென்பொருள்கள் சிலவற்றில், பயனர் தம் வேலைகளை முன்கூட்டியே வரிசையாக எழுதிவைக்க முடிந்தது. இது ஸ்கிரிப்ட் அல்லது கட்டளைநிரல் எனப்பட்டது.

தோற்றம்

1981-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெர்மிட் உருவாக்கப்பட்டது. இது கோப்புகளைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பி, ஒவ்வொன்றையும் சரிபார்த்தது. பழுதானதை மட்டும் மீண்டும் அனுப்பியது. இரைச்சல் மிகுந்த கம்பிகளிலும் இதனால் கோப்புகள் பிழையின்றிச் சேர்ந்தன. பின்னர் வந்த புரோகாம் பிளஸ் ஆஸ்பெக்ட் என்னும் நிரல்மொழியையும், டெலிக்ஸ் சால்ட் என்னும் நிரல்மொழியையும் கொண்டிருந்தன.

நிரலின் வேலை எளியது. எண்ணைச் சுழற்ற வேண்டும். மறுமுனை பயனர்பெயர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டதும் விடையளிக்க வேண்டும். இணைப்பு கிடைக்காவிட்டால் மீண்டும் முயல வேண்டும். இவற்றைக் கையால் செய்தவர் கணினி முன்னே அமர்ந்திருக்க நேர்ந்தது. நிரல் எழுதியவரோ, எஸ்.டி.டி. கட்டணம் குறையும் இரவு வேளைக்கு அவ்வேலையை ஒதுக்கிவிட முடிந்தது.

இந்தியாவில்

1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் இடம்பெற்றன. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. கட்டணம் குறைந்த கணக்குகளில் படங்கள் தெரியவில்லை. எழுத்து மட்டுமே தெரிந்தது. அவற்றைப் பயன்படுத்த முனைய மென்பொருளே போதுமானதாக இருந்தது.

கடலோர ஊர்களில்

மரக்காணம் உப்பளங்கள், இடையஞ்சாவடி ஆகியவற்றைக் கடந்து தெற்கே சென்றால் புதுச்சேரிப் பகுதி வரும். அங்கு 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியுடன் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவமாக இருந்தது. வெளியுலக மின்னஞ்சலுக்குத் தொலைபேசி இணைப்பும், ஊர்களுக்கிடையே குரலையும் தரவையும் அனுப்ப வி.எச்.எப். வானொலிக் கருவிகளும் பயன்பட்டன.

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்ட அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்தில் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. கட்டுமரம் ஏறுவதா, கரையில் தங்குவதா என்பதை மீனவர் முடிவுசெய்ய இது உதவியது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை, நல்லவாடு அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. ஆழிப்பேரலை வருமுன் ஊர்மக்கள் கரையைவிட்டு அகன்று உயிர்தப்பினர்.

முக்கியத்துவம்

எண்ணைச் சுழற்றுவதும் காத்திருப்பதும் மீண்டும் முயல்வதும் இயந்திரத்தால் இயன்றன. வந்த செய்தியில் எது இவ்வூருக்கு வேண்டும் எனத் தேர்ந்து, தமிழாக்கி, உரிய நேரத்தில் உரக்கச் சொல்வது மனிதர் பணியாகவே இருந்தது. கம்பியில் வந்த தரவு கரையில் பயன்பட்டது அப்பணியால்தான்.