ஆழத்திசை இயக்க உணர்வு

ஒரு பொருள் பார்ப்பவரை நோக்கி வருவதையோ அவரை விட்டு விலகிச் செல்வதையோ கண்ணும் மூளையும் சேர்ந்து அறியும் திறன் ஆழத்திசை இயக்க உணர்வு எனப்படும். விழித்திரை ஒரு பரப்பே ஆதலால், பக்கவாட்டில் நகரும் பொருளின் பிம்பம் அதன்மீது இடம்பெயர்கிறது. நேரெதிரே வரும் பொருளின் பிம்பமோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்று பெருக்கிறது. எனவே தொலைவு மாறுவதை மூளை நேரடியாகப் பெறாமல் பிற குறிப்புகளிலிருந்தே கணித்தறிகிறது.

அவற்றுள் முதலாவது பிம்ப விரிவு. நல்லூர் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் 24ஆம் நாளில், வெளிவீதியில் வடம் பிடித்து இழுக்கப்படும் தேரை எதிர்நின்று காண்பவரிடத்து இது தெளிவாகப் புலப்படும். தேர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வீதம் சீராக வருவதாகக் கொண்டால், 40 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு வரும் 20 செக்கனில் பிம்பம் இருமடங்காகும். அடுத்த 10 செக்கனில் மீண்டும் இருமடங்காகும். அதற்கடுத்த இருமடங்குக்கு 5 செக்கனே போதும். தேரின் வேகம் மாறாதிருக்க, பிம்பம் வளரும் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போவதால், வெகுநேரம் அசையாதது போலிருந்த தேர் திடீரென முன்னே ஓங்கி எழுவதாகத் தோன்றுகிறது. பிம்பத்தின் அளவை அது வளரும் வேகத்தால் வகுத்தால், தொலைவோ உண்மை வேகமோ தெரியாமலேயே, பொருள் வந்தடைய எஞ்சியுள்ள நேரம் கிடைத்துவிடும் என்பதை டேவிட் லீ 1976இல் விளக்கினார்.

இரண்டாவது குறிப்பு இரு கண்களைச் சார்ந்தது. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்த கண்கள் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட பிம்பங்களாகப் பெறுகின்றன என்பதையும், ஆழம் அவ்வேறுபாட்டிலிருந்து தோன்றுகிறது என்பதையும் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் 1838இல் நிறுவினார். பொருள் நெருங்கும்போது இவ்வேறுபாடு கணந்தோறும் மாறுகிறது. அத்துடன், மூக்கை நோக்கி வரும் பொருளின் பிம்பங்கள் இரு கண்களிலும் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன. இவ்விரண்டையும் மூளை பயன்படுத்துகிறது.

எந்தக் குறிப்பு எப்போது மேலோங்கும் என்பதே இத்துறையின் மிகச் சுவையான பகுதி. இரண்டுமே தொலைவின் வர்க்கத்துக்கேற்ப நலிவன. ஆனால் விரிவு பொருளின் அகலத்தையும், இருவிழிக் குறிப்பு கண்களின் இடைவெளியையும் பொறுத்தவை. ஆகவே பல மீற்றர் அகலமான தேருக்கு விரிவே பன்மடங்கு வலிய சான்றாகிறது. கண்களின் இடைவெளியினும் சிறிய ஒரு பூ தேரிலிருந்து எறியப்பட்டால், அதை ஏந்தும் கைக்கு இருவிழிக் குறிப்பே கூடுதலாக உதவும்.

இக்கணிப்பில் மூளைப் புறணியின் பின்பக்கவாட்டிலுள்ள வி5 என்னும் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அதன் அயற்பகுதியில் விரியும் பிம்பங்களுக்கும் சுருங்கும் பிம்பங்களுக்கும் தனித்தனியே துலங்கும் நரம்புக்கலங்கள் உள்ளன. மூளையின் இருபுறமும் இப்பிரதேசம் பழுதுற்ற ஒரு பெண்ணைப் பற்றி ஜெர்மனிய ஆய்வாளர்கள் 1983இல் எழுதினர். அவருக்கு நிறமும் வடிவமும் நன்கு தெரிந்தன. ஆனால் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகவும், தூரத்தில் கண்ட கார் இடைவழியே இல்லாமல் அருகில் வந்துவிட்டதாகவும் தோன்றியது. தெருவைக் கடப்பதே அவருக்கு ஆபத்தாயிற்று.

நலமுள்ள மூளைக்கும் எல்லை உண்டு. இரவில் பருத்தித்துறை வீதியில் வரும் பேருந்தின் இரு விளக்குகளுக்கிடையிலான தூரம் கண்ணில் விரிவதால் அதன் வருகை தெரிகிறது. மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்கோ, வெகு அண்மிக்கும் வரை விரிவு உணரப்படாத ஒரு புள்ளியாகவே இருந்துவிடுகிறது. அருகிலிருந்து முதலில் வந்து சேரவேண்டிய சிறிய பொருளைவிடத் தூரத்துப் பெரிய பொருளே முந்தி வரும் எனப் பார்ப்போர் மதிப்பிடுவதும் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது.