மண்மேட்டில் விளைந்த கிழங்கு

குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலோடு சங்கமிக்கும் தேங்காய்ப்பட்டணத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும், தென்னஞ்சோலைகளுக்கிடையே புல் மண்டிக் கிடந்த விளைகள் கிழங்குத் தோட்டங்களாக உருமாறிய விருத்தாந்தம், திருவிதாங்கூர்ச் சரித்திரத்தோடு இரண்டறக் கலந்ததாகும். பிரேசில் தேசத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலமாக மேற்குக் கரையை வந்தடைந்த மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைக் குடிகளின் க்ஷேமத்தைக் கருதிப் பெரிதும் பரவச் செய்தார்.

அதனை நடும் முறையிலே ஒரு சூட்சுமம் உண்டு. புல்லை மண்ணோடு வெட்டிப் புரட்டி, வேர்கள் வெயிலில் உலர்ந்தபின் அதனையே அடியில் இட்டு மூடி, மேலே மண்ணைக் குவித்து மேடாக்கி, சாண் நீளத் தண்டை அதில் நாட்டுவார்கள். களையாயிருந்தது உரமாகிவிட, இரு பருவமழைகளின் நீரும் மேட்டினின்று வழிந்தோடிவிட, கிழங்கு அழுகாமல் இளகிய மண்ணில் பருத்து வளரும்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து அரிசி வரவு நின்றுபோன துர்ப்பிக்ஷ காலத்தில், திருவிதாங்கூர் ஜனங்களின் பிராணனைத் தாங்கி நின்றவை இம்மண்மேடுகளே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தேங்காய்ப்பட்டணம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. எல்லை மாறிய பின்னும், மரச்சீனிக்கும் மீன்குழம்புக்கும் உள்ள பந்தம் மட்டும் மாறவேயில்லை.