தோட்டப் புகலிடம்

பறவை, பூச்சி, தவளை, சிறு விலங்குகள் முதலியவை கூடு கட்டவும் ஒதுங்கவும் குளிர்காலத்தைக் கழிக்கவும் மரக்கட்டை, சருகு, கல், மண், நாணல் ஆகியவற்றால் தோட்டத்தில் அமைத்துத் தரும் இடம் தோட்டப் புகலிடம். முதுமரப் பொந்தும் இடிந்த சுவரும் புதரும் தந்துவந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி வெட்டிச் சீராக்கிய தோட்டம் பறித்துக்கொண்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதே இதன் வேலை.

முன்னோடிகளில் தலையாயவர் இங்கிலாந்தின் சார்லஸ் வாட்டர்டன் (1782–1865). யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டுக்கு அருகிலுள்ள வால்டன் ஹால் அவருடைய பரம்பரைச் சொத்து. கூகையை அபசகுனம் என்று அங்கும் விரட்டிவந்த காலம் அது. வாட்டர்டனோ 1813இல் பழைய நுழைவாயிலின் இடிபாட்டின் மேல் கல்லும் சாந்தும் கொண்டு ஏறத்தாழ நாலடிச் சதுரத்தில் ஒரு சிற்றறை கட்டினார். கூகை உட்காரத் தடித்த ஓக் கழி ஒன்றைப் பதித்தார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஓர் இணை வந்து குடியேறியது. பிறகு ஐவிக்கொடி படர்ந்து அறையையே மூடிவிட்டது. மண்கரையில் வளை தோண்டும் தகைவிலான்களுக்காகச் சுவரில் குழாய்களையும் பதித்துவைத்தார். தோட்டத்தைச் சுற்றி அவர் எழுப்பிய மூன்று மைல் மதில் 1826இல் முடிந்தது.

ஜெர்மனியின் ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ் மரங்கொத்தியிடமே பாடம் கேட்டார். அதன் பொந்துகளைப் பிளந்து பார்த்து, வாய் குறுகி அடி அகன்ற அதே சுரைக்குடுக்கை வடிவத்தில் மரத்துண்டுகளைக் குடைந்து தொங்கவிட்டார். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர் தம் எழுத்தறையிலேயே நாணல் குழல்களை வைத்து ஆஸ்மியா என்னும் தனித்தேனீயைக் குடிவைத்தார். பெண் முட்டைகள் குழலின் உட்புறத்திலும் ஆண் முட்டைகள் வாய்ப்புறத்திலும் அமைவதை அவர் கண்டார். நாணலோ மூங்கிலோ நீளமாக இருக்க வேண்டியது இதனால்தான்: குட்டைக் குழலில் ஆண்களே மிகும்.

மூங்கிலைக் கணுவை ஒட்டி வெட்டினால் ஒரு முனை தானே அடைபட்டிருக்கும். வாய் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். குழல்களை மழை படாமல், காலை வெயில் விழும் பக்கம் கட்ட வேண்டும். உண்ணிகள் பெருகிவிடும் என்பதால் பழைய குழல்களை மாற்றுவது அவசியம். தமிழ்நாட்டில் இலைவெட்டித் தேனீ இலைத்துண்டுகளைச் சுருட்டி இத்தகைய குழல்களில் அறை அமைக்கிறது. கரிய தச்சுத் தேனீ காய்ந்த மூங்கிலைத் தானே துளைத்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் எளியது கட்டைக் குவியல். பட்டை உரிக்காத கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து, நிழலில் மட்கவிட்டால் போதும். ஐரோப்பாவின் மான்கொம்பு வண்டின் புழு இப்படி மட்கும் மரத்தைத் தின்று 3 முதல் 7 ஆண்டுகள் வளர்கிறது. நடுவில் ஒருவர் துப்புரவு செய்தால் அத்தனையும் வீண். கடையில் வாங்கும் அலங்காரப் பூச்சி விடுதியைவிட இக்குவியலே மேல். கற்குவியலில் தேரையும் அரணையும் தங்கும். பாம்பும் வரும் என்பதால் நம் ஊரில் அதை வாசலை விட்டுத் தள்ளியே வைக்க வேண்டும்.

இன்று பல நாடுகளில் பள்ளித் தோட்டங்களிலும் இத்தகைய புகலிடங்களை அமைக்கிறார்கள்.

பிரிட்டனில் நவம்பர் 5 அன்று கொளுத்தும் சொக்கப்பனைக்கு அடுக்கிய விறகுக்குள் முள்ளெலிகள் புகுந்து படுத்துவிடுவதுண்டு. எந்த ஊரானாலும் சருகுக்கும் விறகுக்கும் தீ வைக்குமுன் குவியலை இடம் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.