கொடி இறங்கிற்று, குத்தகை ஏறிற்று!

1946 ஜூலை 4. மணிலா நகரில் அமெரிக்கக் கொடி இறங்கிற்று. பிலிப்பைன்ஸ் கொடி ஏறிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினுக்கும், 1898க்குப் பின் அமெரிக்காவுக்கும், போர்க்காலத்தில் ஜப்பானுக்கும் ஆட்பட்டுக் கிடந்த தீவுக்கூட்டம் விடுதலை பெற்றுவிட்டது என்றனர். விழா முடிந்தது. அதன்பின் நடந்தது என்ன? அதைத்தான் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அன்றைய மணிலா, இடிபாடுகளின் குவியல். 1945இல் ஜப்பானியப் படையும் அமெரிக்கப் படையும் அங்கே மோதிய ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பொதுமக்கள் மாண்டனர். வீடிழந்தோர், தொழிலிழந்தோர் கண்ணீருடன் நின்றனர். இழப்பீடு தருகிறோம் என்றது அமெரிக்கா. தந்ததா? தந்தது, நிபந்தனையோடு! பெல் வணிகச் சட்டத்தின் வழி வந்த ஒப்பந்தத்தை ஏற்றாலன்றி, 500 டாலருக்கு மேற்பட்ட இழப்பீடு எவருக்கும் இல்லை!

அந்தச் சட்டத்தை இயற்றியது வாஷிங்டன். கட்டுப்பட வேண்டியது மணிலா. அமெரிக்கச் சரக்கு அளவின்றி, தீர்வையின்றி உள்ளே வரலாம். பிலிப்பைன்ஸ் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் அளவு மீறி அங்கே செல்லலாகாது. பெசோவின் மதிப்பை மாற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். சுரங்கமும் காடும் தோண்டவும் வெட்டவும், அந்நாட்டுக் குடிமகனுக்கு உள்ள உரிமை அமெரிக்க முதலாளிக்கும் வேண்டும். இதற்குச் 'சம உரிமை' என்று பெயர்! குடிசை இழந்தவனும் கோடீசுவரனும் சமமாம்!

1935ஆம் ஆண்டு அரசியல் சட்டமோ, இயற்கை வளத் தொழில்களில் 60 விழுக்காடு அந்நாட்டாருக்கே உரியது என்றது. ஆகவே சட்டமே திருத்தப்பட்டது. திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். தேர்தலில் முறைகேடு என்று குற்றஞ்சாட்டி, மூன்று செனட்டர்களும் கீழவை உறுப்பினர் சிலரும் இடம் மறுக்கப்பட்டு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களையும் கணக்கில் சேர்த்திருந்தால் திருத்தம் நிறைவேறியிராது. 1947 மார்ச் 11இல் மக்கள் வாக்கெடுப்பு. பசித்த வயிற்றிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு, 'ஆம்' என்ற விடையே வந்தது.

மூன்றே நாட்கள் சென்றன. மார்ச் 14இல் படைத்தள ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குத்தகைக் காலம் 99 ஆண்டுகள்! கிளார்க்கில் விமானத் தளம். சுபிக் வளைகுடாவில் கடற்படைத் தளம். சுபிக்கை ஒட்டிய ஒலோங்காப்போ என்னும் ஊரை 1959 வரை அமெரிக்கக் கடற்படையே ஆண்டது. விடுதலை பெற்ற நாட்டுக்குள், விடுதலை பெறாத ஓர் ஊர்! வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல்கள் பழுது பார்க்கவும் பண்டம் ஏற்றவும் அங்கே வந்தன. தளத்தைச் சுற்றி மதுக்கடைகள் பெருகின. வறுமையால் வந்த பெண்கள் அங்கே விலைபொருளாயினர். தந்தை முகமறியாக் குழந்தைகள் தெருவில் நின்றனர்.

"தளம் போனால் பிழைப்பு போகும்" என்று அச்சுறுத்தினர். மக்கள் அஞ்சினர், ஆயினும் எதிர்ப்பும் வளர்ந்தது. குத்தகைக் காலம் 1966இல் குறைக்கப்பட்டது. வணிகச் சம உரிமை 1974இல் முடிவுற்றது. 1991 செப்டம்பர் 16இல், குத்தகையைப் புதுப்பிக்கும் உடன்படிக்கை செனட்டின் முன் வந்தது. குடியரசுத் தலைவர் கொரசோன் அக்கினோவே அதை ஆதரித்தார். எனினும் செனட் மறுத்தது: எதிர்த்தோர் 12, ஆதரித்தோர் 11. மறு ஆண்டு நவம்பரில் சுபிக்கை விட்டு அமெரிக்கப் படை வெளியேறிற்று. ஊர் அழிந்ததா? இல்லை, தளம் இருந்த இடம் வணிகத் துறைமுகமாயிற்று.

கதை அத்தோடு முடியவில்லை. 2014 ஒப்பந்தத்தின் வழி அமெரிக்கப் படை, சுற்று முறையில் தங்கிச் செல்லும் உரிமை பெற்றது. அதற்கெனத் திறக்கப்பட்ட இடங்கள் 2023இல் ஒன்பதாயின. தென்சீனக் கடலில் சீனக் கப்பல்கள் நெருக்குவதே காரணம் என்கின்றனர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் ஒரு வல்லரசுக்கு அஞ்சி மற்றொன்றின் நிழலில் ஒதுங்குவோன், அந்த நிழலுக்கும் வாடகை தரவேண்டியவனே!

தோழர்களே, ஒரு நாடு விடுதலை பெற்றதா என்றறியக் கொடிக்கம்பத்தைப் பார்த்தால் போதாது. கடன் பத்திரத்தைப் பாருங்கள். குத்தகைச் சீட்டைப் பாருங்கள். அவை எழுதப்பட்ட நாளில் மக்களின் வயிறு எந்நிலையில் இருந்தது என்பதையும் பாருங்கள்!