கொல்லைப்புறத்துக் குருவிகளுக்கு என்ன ஆச்சு?



இந்தக் கோடையில் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் தண்ணீர் வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மனசு குளிர்ந்தது. கூடவே பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "காக்கா, மைனா, புறா எல்லாம் வருது டீச்சர். சிட்டுக்குருவி மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" இதற்குப் பதில் சொல்ல, நம் வீடுகளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் சிவகங்கைப் பக்கம் குருவிக்கென்று யாரும் தனியாகத் தீனி வைத்ததில்லை. சாப்பிடும் முன் காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைப்பார்கள். மற்ற பறவைகளுக்கு வீடே சோறு போட்டது. நெல்லை அவித்து முற்றத்தில் காயப்போடுவார்கள். உரலில் குத்தி, சொளகில் புடைப்பார்கள். சிந்தும் நொய்யெல்லாம் குருவிக்குத்தான். புதுக்கதிரைக் கொத்தாகக் கட்டித் திண்ணை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள், அதையும் கொத்தும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு ஓடும். அந்த வாய்க்காலில் மைனாவும் தவிட்டுக்குருவியும் குளிக்கும். ஓட்டுச் சந்திலும், சுவரில் சாய்த்து மாட்டிய சாமி படத்துக்குப் பின்னாலும் குருவி கூடு கட்டும். அதைக் கலைக்க அப்பத்தா விடவே மாட்டார்.

பிறகு ரைஸ்மில் வந்தது. பெண்களின் இடுப்பொடிகிற வேலை குறைந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அரிசி மூட்டையாகவே வீட்டுக்கு வந்தது. ஓட்டு வீடு மாடி வீடானது. முற்றத்தை மூடினோம், கொல்லைக்குச் சிமெண்ட் போட்டோம். யாரும் குருவியை விரட்டவில்லை. அதன் பிழைப்பு நம் வீட்டு வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை மாறியதும் அதற்குத் தீனியும் இல்லை, கூடு கட்டச் சந்தும் இல்லை. செல்போன் டவர்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெரிய குருவி தானியம் தின்றாலும், குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். செடியும் மண்ணும் இல்லாத இடத்தில் அரிசியை மட்டும் இறைத்தால் குஞ்சு பிழைக்காது.

இந்த உண்மையைச் சீனா பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1958இல் மாவோ அரசு எலி, ஈ, கொசுவோடு குருவியையும் ஒழிக்கச் சொன்னது. குருவி தானியத்தைத் தின்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டி, குருவிகளை உட்காரவிடாமல் துரத்த, அவை களைத்து விழுந்து செத்தன. பயிரில் பூச்சி பெருகியது. அப்போது வந்த கொடும் பஞ்சத்துக்கு அரசின் தவறான வேளாண் கொள்கைகளே முதல் காரணம். குருவி போனதும் அதைக் கூட்டியது. 1960இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

நம் கிராமத்து ஜனங்களுக்கு இது படிக்காமலே தெரிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களின் அனுபவப் பாடம். நம் மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியைப் பாருங்கள். அங்கே வேட்டங்குடி சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர் ஜனங்கள் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் வெடிக்கு ஏங்காமலா இருப்பார்கள்? இருந்தும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

அவர்கள் அவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது நாம் இதைச் செய்யலாம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அதனால் உடம்பு நீர் வற்றும். ஆழமில்லாத மண்சட்டியை நிழலில் வையுங்கள். குஞ்சு விழுந்தால் ஏறிவர நடுவில் ஒரு கல் போடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் கொசுவும் நோயும்தான் மிச்சம். நொய், கம்பு, தினை போடலாம். முறுக்கு, மிக்சர் வேண்டாம், உப்பு பறவைக்கு ஆகாது. கொல்லையில் நாலடி மண்ணாவது சிமெண்ட் இல்லாமல் கிடக்கட்டும். அங்கே ஒரு செடி நடுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தாழ்வாரத்தில் துளை போட்ட ஒரு அட்டைப்பெட்டியோ மண்கலயமோ கட்டித் தொங்கவிடுங்கள்.

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா? உங்கள் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அவர் சின்ன வயதில் வீட்டுக்குள் கூடு கட்டிய பறவை எது என்று கேட்டு, கீழே எழுதுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்